மருந்து படாத தோட்டம்

மார்ச் 28

ஊருக்கு விமானம் பிடிக்கப் போகிற இவரைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அருப்புக்கோட்டையில் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஆபரேஷன், அதற்கப்புறம் நடக்க வைப்பது என்று ஒரு மாதமாவது ஆகும். ஒரே பிள்ளை, போகாமல் இருக்க முடியாது.

பஸ் கிளம்பும்வரை இவர் பேசியது அப்பாவைப் பற்றி இல்லை, தேயிலையைப் பற்றி. "களையப் பிடுங்காத. நடுவுல போட்டிருக்கற காஞ்ச புல்ல நகர்த்தாத. ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் இங்க வேலையே. உன்னால முடியுமா மங்கை?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு அதைத்தானே செய்கிறேன் என்று சொல்ல வந்தது. ஊருக்குப் போகிற மனுஷன், விட்டுவிட்டேன்.

யோகோஹாமாவில் நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். யாரோ ஒரு நாள் ஒரு கோப்பை பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். விதை போட்டு முளைத்த பழங்காலச் செடியாம். உரமில்லை, மருந்தில்லை, மலைப்புல்லை வெட்டி வரிசைகளுக்கு நடுவே போடுவதோடு சரியாம். அதைக் குடித்துவிட்டு வேலையை விட்டார். அதற்கு முன் தேயிலைச் செடியைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராதவர். நானோ வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ஃபீல்டு கண்டக்டர், தோட்ட வேலையை மேற்பார்க்கிறவர். இனி ஜென்மத்துக்கும் தேயிலை முகத்தில் விழிக்கக்கூடாது என்றுதான் அருப்புக்கோட்டை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினேன். ஜப்பானில் இந்த மினோசாவா மலையூரில் வந்து அதே முகத்தில் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஆறுதல் இந்த மே மாதம். ஒசாகாவில் மியாகே-சான் என்று ஒரு தேயிலைக் கடைக்காரர், இங்கே மரியாதைக்கு எல்லோர் பேருக்கும் பின்னால் ஒரு சான் போட வேண்டும். மூன்று வருடம் மருந்து படாத நிலத்தில் விளைந்ததைத்தான் அவர் தொடுவார். எங்களுக்கு இந்த வசந்தத்தோடு மூன்று வருடம். அவர் எடுத்துக்கொண்டால் இங்கேயே இருப்போம், வேண்டாம் என்றால் யோகோஹாமாவுக்கே திரும்பிவிடலாம் என்று இவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

எனக்கு எது வேண்டும் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

மார்ச் 31

கிதானோ-சான் வேலியோரம் வந்து நின்று, தனியாக இருக்கிறேனே, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். பக்கத்துத் தோட்டம் அவருடையது, ஊர்க்கூட்டத் தலைவரும் அவர்தான். எழுபதைத் தாண்டிய ஆள். இந்த ஊரில் எல்லோரும் எதைக் கொடுத்தாலும் ஆஹா ஓஹோ என்பார்கள், கிதானோ-சான் ஒருவர்தான் விதிவிலக்கு. நான் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, "மன்னிக்கணும், சாப்பிட முடியல" என்றவர். எங்கள் முதல் வருடத் தேநீரைக் குடித்துவிட்டு, "சுவையே இல்ல" என்று இவர் முகத்துக்கு நேரே சொன்னவர். இவருக்கு இரண்டு நாள் தூக்கம் போனது. எனக்கு அன்றிலிருந்து கிதானோ-சானைப் பிடிக்கும்.

ஒன்றும் வேண்டாம் என்றேன். தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 4

காலையில் உறைபனி. கொழுந்து தப்பித்தது. வெந்நீர்க் குழாய் தப்பிக்கவில்லை.

ஏப்ரல் 9

செஞ்சிலந்தி வந்துவிட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பாகப் பொடி தூவியதுபோல் ஊர்கிறது. மேல் வரிசைகள் செம்பு நிறமாகிவிட்டன. வால்பாறையில் இதைப் பார்த்தால் அப்பா மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார், மருந்து டிரம்மோடு நிற்பார்.

இவரைப் போனில் கூப்பிட்டேன். "விடு, அதத் திங்கற பூச்சி தானா வரும். இயற்கை பாத்துக்கும்" என்றார். பின்னால் ஆஸ்பத்திரி சத்தம். இயற்கைக்கு இங்கே கால் வலிக்கவில்லை, எனக்குத்தான் வலிக்கிறது. தினம் நாலு தடவை மேலே ஏறி இறங்குகிறேன். கையால் இலையைத் துடைத்துக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

சாயங்காலம் கிதானோ-சான் மனைவி தோமோகோ-சான் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 13

நாளைக்கு நகோயா போக வேண்டும், விசா புதுப்பிக்க. இவர் போனில் ஒன்றுக்குப் பத்து முறை நினைவுபடுத்தியது வேறொன்று: பதினெட்டாம் தேதி ஊர் மருந்தடிப்பு.

இங்கே மருந்தடிப்பது தனித்தனி வீட்டு வேலையில்லை. ஒரு லாரி, அதன் மேல் டேங்க், மலை உச்சிவரை போகிற ஒரே நீளக் குழாய். குழாய் செடியில் சிக்கிக் கிளையை ஒடிக்காமல் இருக்க, வீட்டுக்கு ஒருவர் வரிசையாக நின்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாத் தோட்டத்துக்கும் போவார்கள். வர முடியாத வீடு என்றால் விட்டுவிட மாட்டார்கள், மற்றவர்கள் சேர்ந்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த ஊர் மரியாதை. நாங்கள் வந்த வருடத்திலிருந்து அன்றைக்கு மட்டும் இவர் எங்கள் எல்லையில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு, பந்தோபஸ்து போலீஸ்காரர் மாதிரி காலையிலிருந்து நிற்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே குழாயைத் தூக்கி, எங்கள் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் தோட்டத்தைவிட மேட்டில் யாருடையதும் இல்லை, காற்றும் எங்களிடமிருந்து அவர்கள் பக்கம்தான் வீசும். அதைப் பார்த்துத்தான் இவர் இந்த நிலத்தையே எடுத்தார்.

இந்த வருடம் நான் நிற்க வேண்டும். நிற்பேன். அதற்குள் வந்துவிடுவேன்.

ஏப்ரல் 16

மதிய பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். விசா வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. நகோயாவில் கலையரசி வீட்டில் இட்லி ஊற்றினாள், இன்னொரு நாள் இருந்துவிட்டேன். வாய்விட்டுத் தமிழ் பேசி எவ்வளவு நாளாயிற்று.

வந்து பார்த்தால் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டியிருக்கிறது. சாய்ந்து கிடந்த வேலி நிமிர்ந்திருக்கிறது. வெடித்த வெந்நீர்க் குழாயைக்கூட யாரோ மாற்றியிருக்கிறார்கள். வாசலில் மண்ணோடு மூங்கில் குருத்து ஒரு கட்டு. ஒரு சீட்டு, ஒரு வார்த்தை இல்லை. இங்கே இப்படித்தான், செய்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவார்கள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடமாக இந்த ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிற எனக்கு அது தேவைதான்.

உடனே மாவு பிசைந்து முறுக்குச் சுட்டேன். காரம் போடவில்லை.

ஏப்ரல் 17

காலையில் வீடு வீடாகப் போய் முறுக்குக் கொடுத்து, குனிந்து குனிந்து நன்றி சொன்னேன். எல்லோரும், அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார்கள்.

அப்புறம்தான் மேலே ஏறினேன். முதல் வரிசைக்குப் போவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஊரானாலும் அந்த வாடை மாறாது. நம்பாமல் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை. செஞ்சிலந்தி இல்லை, அதைத் தின்ன வரும் பூச்சி இல்லை, சிலந்திவலையில் சிலந்தி இல்லை. கடைசி வரிசை வரை குளிப்பாட்டியதுபோல் பளபளவென்று இருந்தது.

இறங்கி நேரே தோமோகோ-சானிடம் போனேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மங்கை-சான். மழை வரும்னு சொன்னாங்க, அதனால பதினஞ்சாம் தேதியே அடிச்சு முடிச்சிட்டோம். உங்களுடையதையும் சேர்த்துத்தான்."

"எங்களுக்கு வேண்டாம்னு உங்களுக்குத் தெரியுமே."

"அது உங்க வீட்டுக்காரருக்கு. நீங்க அன்னைக்கு இங்க உக்காந்து எவ்வளவு அழுதீங்க! யாராவது வந்து ஒரு தடவை அடிச்சிட்டா நிம்மதியா தூங்குவேன்னு சொன்னீங்களே. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுதான் சொன்னார், கேட்காம செய்யக்கூடாதுன்னார். நான்தான் பாவம் அந்தப் பொண்ணுன்னு சொல்லி அடிக்கச் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஊர்ல ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம்" என்றார்.

அவ்வளவெல்லாம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஜப்பானிய மொழியில் அழுதால் அளவு தெரிவதில்லை.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 18

மழை. துணி காயவில்லை.

ஏப்ரல் 21

இவர் போனில் கேட்டார்: "பூச்சி எப்படி இருக்கு?"

"போயிடுச்சு."

"பாத்தியா! நான் சொன்னேன்ல? மூணு வருஷத்துல மண்ணு தன்னைத் தானே சரி பண்ணிக்கும்னு சொன்னேன்ல?" என்று குதித்தார். பக்கத்தில் யாரிடமோ, மாமனாரிடம்தான் போல, அதையே திரும்பச் சொன்னார். நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். மியாகே-சான் வாங்க மாட்டார், யோகோஹாமா, வெந்நீர், ரயில், மனுஷர்கள். நான் கேட்டது எல்லாம் கையில் வந்து விழுந்திருக்கிறது. ஆனால் காலையில் கொழுந்தைப் பார்க்க ஏறி, காலியாகத் தொங்குகிற சிலந்திவலைகளை எண்ணிக்கொண்டு இறங்குகிறேன். அந்தச் சிலந்திகளை வரிசை வரிசையாக எனக்குத் தெரியும். யார் கேட்டார்கள் இந்த ஊர்க்காரர்களை?

ஏப்ரல் 27

இவரிடம் சொல்லிவிட்டேன். நகோயா போனது, மழைக்காக முன்கூட்டியே அடித்தது, வேலி, மூங்கில் குருத்து, எல்லாம். தோமோகோ-சான் வீட்டில் பேசியதைத் தவிர. அது இதில் சேராது.

போனில் பெரிய ஆம்பளை அழுகிற சத்தம். இவர் இத்தனை வருடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 28

இவரே கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது.

"அடிச்ச பிறகு எத்தனை மழை?"

"ரெண்டு."

"நல்ல மழையா?"

"நல்ல மழைதான்."

"சரி. நான் வர்ற வரைக்கும் மியாகே-சான் போன் பண்ணினா எடுக்காத."

மே 6

வந்துவிட்டார், இளைத்து, கறுத்து. பையைக் கீழே வைக்காமல் மேலே ஏறிப் போனார். ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்று, துப்பிவிட்டு, இன்னொன்றைக் கிள்ளினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் நானே ஆரம்பித்தேன். இந்த வருடக் கொழுந்தை வெட்டிச் செடிக்கே போட்டுவிடலாம், மியாகே-சானிடம் நடந்ததைச் சொல்லி மறுபடி முதலிலிருந்து எண்ணலாம், நான் இன்னும் மூன்று வருடம் இருக்கிறேன் என்றேன். எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"மூணு வருஷமா என்னைக் கிண்டல் பண்ணினவ நீ. இப்ப உனக்கு என்ன வந்துச்சு?"

"இது மருந்தடிச்ச இலைங்க."

"நான் அடிச்சனா? நான் ஒரு சொட்டு ஊத்துனனா? யாரோ செஞ்ச வேலைக்கு நான் ஏன் தலையில துண்டு போட்டுக்கணும்? சரி, மியாகே-சான்கிட்ட சொல்றேன்னே வை. அடிச்சது யாருன்னு கேப்பாரு. கிதானோ-சானைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? நல்லது செஞ்ச மனுஷனை?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் கிதானோ-சான் ஏன் அடித்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரசம் ஆறிவிட்டது என்று எழுந்து சுட வைத்தேன்.

மே 11

அறுவடை. வெட்டு மெஷினை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பின்னால் பை ஊதிக்கொண்டே வரும். ஒரே வேகத்தில் நடக்காவிட்டால் கொழுந்து சிதையும். நாங்கள் இருவரும் இன்று அப்படி ஒரே வேகத்தில் நடந்தோம். போன வருடங்களில் சண்டை போட்டுக்கொண்டே கோணலாக வெட்டுவோம்.

கொழுந்து நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக ஒரு வருடமும் இருந்ததில்லை. அதைச் சொல்லி என்ன செய்ய?

மே 12

இலையை ஆவியில் அவித்து உருட்டுகிற ஃபாக்டரி ஊருக்குப் பொது. எங்கள் இலைதான் எப்போதும் விடிந்ததும் முதலில் போகும், மற்றவர்கள் இலையில் இருக்கிற மருந்து மெஷினில் ஒட்டியிருந்து எங்களுடையதில் படக்கூடாதென்று. வந்த புதிதில் இவர் கேட்டுக்கொண்டதற்காக ஊரார் வைத்துக்கொண்ட வழக்கம். அதற்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

இன்று நாங்கள் போகும்போது கிதானோ-சான் எங்களுக்கு முன்பே வந்து, தட்டு தட்டாகக் கழற்றி, ஈரத்துணியால் உருளையை உள்ளே கை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் துடைப்பதுபோலவே. இல்லை, அதைவிட அதிகமாக. முழங்கை வரை பச்சை.

"போதும் கிதானோ-சான்" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமல், "இன்னும் ஒரு இடம் இருக்கு" என்றார்.

இவர் இலை மூட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தலையைத் திருப்பி, வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 13

புதுத் தேநீர் போட்டுக் குடித்தோம். வாசனை வருகிறது. இவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட பால் டீ வேண்டும்போல் இருந்தது.

மே 24

மியாகே-சான் வந்தார். சின்ன உருவம், துவைத்துத் துவைத்து வெளுத்த கோட்டு, அவசரமே இல்லாத பேச்சு. இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார், மாட்டிக்கொள்வோம், எல்லாம் முடியும் என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதை இந்த நோட்டில் எழுதலாம்.

வரிசைகளுக்கு நடுவே நடந்தார், புல்லை விலக்கி மண்ணை முகர்ந்தார், வீட்டுக்கு வந்து மூன்று முறை ஊற்றிய தேநீரையும் மெதுவாகக் குடித்தார். கிதானோ-சானும் வந்திருந்தார். இவர்தான் கூப்பிட்டிருக்கிறார். எதற்கு என்று காலையில் கேட்டதற்கு, "சும்மா, ஒரு மரியாதைக்கு" என்றார்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மியாகே-சான் சொன்னார்: "நான் சோதனைக்கு அனுப்பறதில்ல. போன்லயே இவர்கிட்ட சொல்லியிருந்தேன். நிலத்தைப் பத்திப் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட கேட்பேன், அவ்வளவுதான். எங்க அப்பாவும் அப்படித்தான் வாங்கினார்." பிறகு கிதானோ-சான் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க. மூணு வருஷமா இங்க மருந்து பட்டதா?"

போன்லயே சொல்லியிருந்தேன் என்றாரே. இவருக்கு முன்பே தெரியும்.

கிதானோ-சான் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. மொழி தெரியாமல் இல்லை. சொன்னால் அடித்தது கிதானோ-சான் என்று ஆகும். ஏன் அடித்தார் என்று இவர் கேட்பார். நான் குனிந்து தேநீர்க் கெண்டியின் மூடியைச் சரி செய்தேன்.

"படல" என்றார் கிதானோ-சான். "ஒரு சொட்டுக்கூட."

மியாகே-சான் நெற்றி பாயில் படுகிற அளவுக்கு அவரை வணங்கினார். கிதானோ-சானும் பதிலுக்கு வணங்கினார். எழுந்திருக்க அவருக்கு நேரம் எடுத்தது. கால் மரத்துவிட்டது என்றார்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாராம். அடுத்த வருடமும் வருகிறாராம். இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஜெயிச்சிட்டோம் மங்கை!"

மே 25

காலையில் இவர் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லேபிளை இவரே எழுதி அச்சடித்திருக்கிறார்: உரமில்லை, மருந்தில்லை, மலையும் பனியும் மட்டும். நான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

தோமோகோ-சான் வந்தார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. வாசல் கல்லிலேயே நின்றார்.

"அவர் நேத்து இங்கிருந்து வந்ததுலேருந்து சாப்பிடல. ஊர்க்கூட்டத் தலைவர் பொறுப்பை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லி காலையில போய்ச் சொல்லிட்டு வந்துட்டார். காரணம் கேட்டதுக்கு வயசாச்சுன்னு சொன்னாராம்." கையிலிருந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தார். "மருந்தடிக்கச் சொன்னது நான். அது என் தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஆனா அடுத்த வருஷம் மறுபடி யாரும் அவர்கிட்ட கேக்கற மாதிரி வைக்காதீங்க மங்கை-சான். அவருக்குப் பழக்கமில்ல."

"நாங்க அவரைப் பொய் சொல்லச் சொல்லி கேக்கவே இல்லையே, தோமோகோ-சான்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"ஆமா" என்றார். "நீங்க எதையும் கேக்கறதே இல்ல. அழறீங்க, இல்லன்னா தலைகுனிஞ்சு உக்காந்திருக்கீங்க. மத்தவங்க செஞ்சிடறோம்."

குனிந்து வணங்கினார், எப்போதும் வணங்குகிற அளவுக்கே. படியிறங்கிப் போனார். வழக்கமாகத் திருப்பத்தில் நின்று திரும்பிக் கையசைப்பார், இன்று அசைக்கவில்லை.

உள்ளேயிருந்து இவர், "யாரு, தோமோகோ-சானா? என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நல்லபடியா வித்துச்சான்னு விசாரிச்சுட்டுப் போறாங்க."

"நல்ல மனுஷங்க" என்றார். பசை காய்வதற்குள் மீதியையும் ஒட்டிவிடச் சொன்னார். உட்கார்ந்து ஒட்டினேன்.